நாலு யூரோ ரொட்டி

எழிலன் மொட்டைத் தலையோடு பாடம் நடத்த வகுப்புக்குள் நுழைந்தபோது ஒருவரும் சிரிக்கவில்லை. அப்பா பக்கிரியின் காரியம் முடிந்து மூன்றாம் நாள். அழுகை வரும் வரும் என்று பார்த்தான், வரவில்லை. காலையில் அண்ணாமலை நகர் லாட்ஜில் குளித்தான், சிதம்பரத்தில் பஸ் பிடித்தான், கடலூரில் இறங்கினான். எல்லாம் வேறு யாருக்கோ நடப்பது போல இருந்தது.

2004 நவம்பர். பிரின்சிபல் வினோதினி மேடம் கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்திருந்தார். அந்தத் தனியார் பள்ளியில் அது வழக்கம். புது ஆசிரியர் வேலைக்குச் சேர்ந்த ஆறாவது மாதம் அவருடைய ஒரு வகுப்பை முழுசாகப் பார்ப்பார். திருப்தியென்றால் வேலை நிரந்தரம். ஸ்ரீமுஷ்ணம் பக்கத்துக் கிராமத்தில் கரும்பு வெட்டிய பக்கிரி, "எம்புள்ள பிரெஞ்சு வாத்தியாரு" என்று டீக்கடையில் சொல்லாத நாளில்லை. அந்தக் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் எழிலன். சாகிற வாரத்தில்கூட அவர் கேட்டது ஒன்றுதான்: "பர்மனென்ட் ஆயிட்டியா?"

பாடம், யூரோ. எழிலன் போர்டில் ஒரு வட்டம் போட்டான்.

"ஐரோப்பாவுல பன்னெண்டு நாட்டுக்கும் இப்ப ஒரே பணம். பிரான்ஸ்ல பிராங்க் போயி ரெண்டு வருஷம் ஆச்சு. இங்கேருந்து பாண்டிச்சேரி போறீங்க, முள்ளோடை செக்போஸ்ட்ல எறங்கி பணத்த மாத்திக்கினுதான் போவணும்னா எப்டி இருக்கும்?"

"எங்க மாமா வாரா வாரம் குடிக்க முள்ளோடை போறாரு சார்," என்றான் ராஜ்கமல். "மாத்தறதுக்கு அவருகிட்ட பணமே மிஞ்சாது."

வகுப்பு சிரித்தது. மேடமும் சிரித்தார். எழிலன் உதட்டை மட்டும் அசைத்தான்.

அடுத்து கடைக் காட்சி. ராஜ்கமல் கடைக்காரன், சிந்துஜா வாடிக்கையாளர். ரொட்டி என்ன விலை என்று அவள் பிரெஞ்சில் கேட்டாள். நாலு யூரோ என்றான். சட்டை? நூற்றைம்பது யூரோ. இருவரும் ஒரு எழுத்து பிசகாமல் சொன்னார்கள்.

"நாலு யூரோன்னா நம்ம பணத்துல எவ்ளோப்பா?" என்றார் மேடம்.

"யூரோ அம்பத்தாறு ரூபான்னு சார் சொன்னாரு மேடம். எரநூத்தி இருவத்தி நாலு."

"ஒரு ரொட்டியா?"

ராஜ்கமல் தலையைச் சொறிந்தான். சிந்துஜா மெதுவாக, "எங்க சித்தி பிரான்ஸ்லதான் இருக்காங்க மேடம். ஒரு யூரோகூட ஆவாதுன்னாங்க," என்றாள்.

"தெரிஞ்சிக்கினே ஏம்மா சொல்லல?" எழிலன் கேட்டான்.

"நோட்ஸ்ல நாலுன்னு இருக்கு சார். அப்டியே எழுதினாத்தான மார்க்கு?"

அவனுக்கு முன் இருந்த ஆசிரியர் விட்டுப்போன முப்பத்திரண்டு பக்க நோட்ஸ் அது. எல்லாம் பிராங்க் கணக்கு. ஜூன் மாதம் லாட்ஜ் அறையில் உட்கார்ந்து, ஒவ்வொரு பக்கமாக ஒயிட்னர் வைத்து, பிராங்க் என்றிருந்த இடத்திலெல்லாம் யூரோ என்று எழுதி, சிதம்பரத்தில் ஜெராக்ஸ் எடுத்தவன் எழிலன்தான். எண்களைத் தொடவில்லை. ஆறரை பிராங்குக்குச் சற்று மேலே போனால் ஒரு யூரோ என்று அவனுக்குத் தெரியும். பரீட்சையில் கேட்டால் எழுதியிருப்பான். அவனும் நோட்ஸை நெட்டுருப் போட்டுப் பட்டம் வாங்கியவன். நோட்ஸில் இருக்கும் ரொட்டியை ஒருவர் வாங்கித் தின்பார் என்று அவனுக்குத் தோன்றியதே இல்லை.

"பிரிண்ட் மிஸ்டேக்கா சார்?" என்றார் மேடம். குரலில் இரக்கம் இருந்தது. பார்வை அவன் மொட்டைத் தலையில் இருந்தது. ஆமாம் என்றால் போதும்.

"இல்ல மேடம். நான்தான் பேர மட்டும் மாத்தனேன். வெலய மாத்தல."

சொன்ன பிறகு நெஞ்சு படபடக்கும் என்று எதிர்பார்த்தான். ஒன்றும் இல்லை. போர்டில் 6.56 என்று எழுதினான். "எல்லாரும் இதால வகுங்க. ரொட்டியிலேருந்து ஆரம்பிங்க." பெல் அடிக்கும்வரை வகுத்துக்கொண்டிருந்தார்கள். ரொட்டி அறுபத்தொரு சென்ட் வந்தது. சட்டை இருபத்து மூன்று யூரோவுக்கு இறங்கியது.

"இப்ப கட்டுப்படி ஆவுது சார்," என்றான் ராஜ்கமல்.

மேடம் வராந்தாவில் நிறுத்திச் சொன்னார்: "இன்னொரு ஆறு மாசம் பாக்கலாம் எழிலன். தப்பா எடுத்துக்காதீங்க."

"சரிங்க மேடம்."

பஸ் ஸ்டாண்ட் எஸ்டிடி பூத்திலிருந்து ஊருக்குப் போன் செய்தான். பக்கத்து வீட்டார் அம்மா மாரியம்மாளைக் கூப்பிட்டு வந்தார்கள்.

"சாப்ட்டியாப்பா?"

"சாப்ட்டேம்மா."

அவள் வேறெதுவும் கேட்கவில்லை. பர்மனென்ட் ஆயிட்டியா என்று கேட்கிற ஆள் இனி வீட்டில் இல்லை என்பது ரிசீவரைக் காதில் வைத்திருந்தபோது அவனுக்குத் தெரிந்தது. போனை வைத்துவிட்டுக் காசு கொடுத்தான். பிறகு சிதம்பரம் பஸ் வந்தது, ஏறிக்கொண்டான்.