மஞ்சள் தவளையும் என் பர்மனென்ட் வேலையும்

சென்ற வாரம் ஓசூரில் ரத்தப் பரிசோதனைக்குப் போயிருந்தேன். ஊசி போடுகிற பெண் முழங்கையில் ஸ்பிரிட் பஞ்சைத் தேய்த்தாள். அந்த நெடி ஏறியதும் கை தன்னால் சாக்பீஸைத் தேடியது. வயதானால் மூக்கு மட்டும்தான் ஒழுங்காக வேலைக்கு வரும் போலிருக்கிறது. மற்றதெல்லாம் எப்போதோ விடுப்பில் போய்விட்டது.

ஐம்பதுகளின் நடுவில் அந்தப் பக்கத்து உயர்நிலைப் பள்ளி ஒன்றில் ஆறாவது பாரத்துக்கு, அதாவது பள்ளியின் கடைசி வகுப்புக்கு, ஜீவசாஸ்திரம் நடத்தினேன். சோதனைக்கூடம் என்பது ஒரு பீரோ. உள்ளே ஒரு பாட்டில் ஸ்பிரிட், ஒரு பாட்டில் குளோரோஃபார்ம், வால் உதிர்ந்த ஒரு பல்லி. பையன்களில் பாதிப் பேருக்கு வீட்டில் கன்னடம், மீதியில் பாதிக்குத் தெலுங்கு. நான் சொல்வதைத் தங்களுக்குள் பெயர்த்து முடிப்பதற்குள் மணி அடித்துவிடும். அதனால் என் தப்புகள் பெரும்பாலும் யாரையும் சென்றடையவில்லை.

அப்போது நான் தற்காலிக ஆசிரியன். சேலத்தில் பெண் பார்த்திருந்தார்கள். பெண்ணின் அப்பா, "வேலை பர்மனென்ட் ஆகட்டும் மாப்ளெ, தேதி குறிச்சிரலாம்" என்றார். 'மாப்ளெ' மட்டும் முன்பணம். பர்மனென்ட் ஆவதோ இன்ஸ்பெக்டர் கையில். அவர் வரும் நாளில் தவளையை அறுத்து, துடிக்கிற இதயத்தைக் காட்டவேண்டும் என்று தலைமையாசிரியர் சொல்லிவிட்டார்.

அந்த ஆண்டு மழை பொய்த்திருந்தது. ராகி முளைத்த இடத்திலேயே கருகியது. குளம் குட்டையெல்லாம் வெடித்துக் கிடக்க, தவளைக்கு எங்கே போவது? பியூன் சின்னப்பன் கெலவரப்பள்ளிப் பக்கம் ஓர் ஏரியில் மிச்சமிருந்த சேற்றைத் துழாவி, ஒரே ஒரு தவளையோடு வந்து சேர்ந்தான். பானையைத் திறந்தால் மஞ்சளாக இருந்தது.

"ஒஸ்தி ரகம் சார். கலரப் பாருங்க."

எனக்கும் பெருமை தாளவில்லை. இன்ஸ்பெக்டர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்ததும் தவளையைத் தூக்கிக் காட்டி, "இனப்பெருக்கக் காலத்தில் ஆண் தவளை மஞ்சள் நிறம் கொள்ளும். ஆகவே இது ஆண்" என்றேன். அவர் தலையாட்டினார். சேலம் கண்ணுக்கெதிரே தெரிந்தது.

மூன்றாவது பெஞ்சிலிருந்து முனிராஜு எழுந்தான். கெலவரப்பள்ளி விவசாயி மகன்.

"சார், அது பொண்ணு சார்."

"எப்படிடா சொல்றே?"

"நாங்கதான சார் முந்தாநாளு கண்ணாலம் பண்ணி வச்சோம், மழைக்கு. மஞ்சா எங்கம்மா பூசுனது. நெத்தியில குங்குமம் இருக்குது பாருங்க."

இருந்தது. நான் அதைச் சொறி என்று நினைத்திருந்தேன்.

மழை பொய்த்தால் இந்தப் பக்கத்து ஊர்களில் இரண்டு தவளைகளுக்கு மேளதாளத்தோடு கல்யாணம் செய்து ஏரியில் விடுவார்கள். அது எனக்குத் தெரிந்ததுதான். மணப்பெண் என் தட்டில் வந்து படுப்பாள் என்பது தெரியாது.

"கண்டு எல்லோ?" மாப்பிள்ளை எங்கேடா என்று கன்னடத்தில் ஒருவன் கேட்க, வகுப்பே சிரித்தது. முனிராஜு சிரிக்கவில்லை.

"அறுக்காதீங்க சார். எங்கப்பா ரெண்டாவது தபா வெதச்சிருக்காரு."

இன்ஸ்பெக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். "இது விஞ்ஞான வகுப்புதானே? நடத்துங்க மிஸ்டர்."

தவளையின் கல்யாணத்துக்கும் மழைக்கும் சம்பந்தமில்லை. அந்தத் தவளைக்குச் சம்பந்தமிருந்தது என் கல்யாணத்தோடு மட்டும்தான். இது நன்றாகவே தெரிந்தும், கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பையனின் முகத்தைப் பார்த்துத் தொலைத்தேன். குளோரோஃபார்ம் பாட்டிலை மூடினேன். இதயத்தைக் கரும்பலகையில் வரைந்தேன். அவசரத்தில் அது மாங்காய் மாதிரி வந்தது.

"இது துடிக்குமா மிஸ்டர்?" என்றார் இன்ஸ்பெக்டர்.

என் தற்காலிகம் இன்னும் ஓராண்டு நீண்டது. சேலத்துக்காரர் காத்திருக்கவில்லை, பெண்ணைத் தை மாதத்தில் ஒரு தபால் குமாஸ்தாவுக்குக் கொடுத்துவிட்டார். எனக்கு 'மாப்ளெ'யும் போயிற்று.

முனிராஜு அன்றைக்கே தவளையைச் சட்டைத் துணியில் சுற்றிக்கொண்டு போய் ஏரியில் விட்டான். மழை வந்ததா என்று கேட்பீர்கள். வரவில்லை. இரண்டாவது விதைப்பும் போய், குடும்பத்தோடு பெங்களூருக்குக் கூலி வேலைக்குக் கிளம்பினார்கள். மூன்றாவது பெஞ்சில் அந்த இடம் பரீட்சை வரைக்கும் காலியாகவே கிடந்தது. ஒரு தவளையை அறுக்காமல் விட்டதில் யாருக்கும் ஒரு லாபமுமில்லை. திரும்ப அதே தட்டு வந்தாலும் அதையேதான் செய்வேன் என்பது என் மண்டைக் கனம்.

அந்த ஏரி இப்போது ஒரு தொழிற்சாலையின் லாரி நிறுத்தம். இந்த வருஷம் நல்ல மழை. ரத்தம் கொடுத்துவிட்டு அந்த வழியாக வந்தபோது, முழங்கால் அளவு தேங்கிய தண்ணீரை மோட்டார் வைத்து இறைத்துக்கொண்டிருந்தார்கள். லுங்கியைத் தூக்கிப் பிடித்தபடி ஒரு டிரைவர் வானத்தைப் பார்த்துக் கத்தினார்: "உன்ன எவன்யா வரச் சொன்னான்?"