ஆணியில் தொங்கும் நோட்டு

"எழுதிட்டு ஏறு."

சனிக்கிழமை காலை ஏழரை மணி. கட்டிக்கொண்டிருக்கும் தன் வீட்டின், இன்னும் கதவு வைக்காத வாசலில் குறுக்கே நிற்கிறாள் ரோஸ்வித்தா. எதிரே ஊர்த் தீயணைப்புப் படைத் தோழர்கள் நான்கு பேர், சுத்தியலும் வாளியுமாக. வாசல் சுவரில் ஓர் ஆணி. ஆணியில் பள்ளிக்கூட நோட்டு. நோட்டோடு கயிற்றில் கட்டிய தச்சர் பென்சில். பேர், வந்த நேரம், செய்யப்போகும் வேலை. போகும்போது போன நேரம். அதை எழுதாதவனுக்கு மாலையில் பீர் கிடையாது.

"கல்லு தூக்க வந்தேனா, பரீட்சை எழுத வந்தேனா?" என்பான் எக்கார்ட். படையில் அவளுக்குப் பத்து வருடத் தோழன்; வாரம் தவறாமல் இதையே கேட்பான்.

"ரெண்டுக்கும்தான். போன வாரம் உன் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருந்துச்சு. இன்னைக்கு ஒழுங்கா எழுது."

ஆல்காய் மலையடிவாரத்தில் இந்த ஊரில் ஒருவன் வீடு கட்டினால் மற்றவர்கள் வந்து நிற்பார்கள். யாரும் கூலி கேட்பதில்லை, யாரும் மணி பார்ப்பதில்லை. மணி பார்ப்பதே அவமரியாதை. ஆனால் சட்டம் பார்க்கிறது. சொந்த வீட்டைத் தோழர்களை வைத்துக் கட்டுகிறவர், வேலை தொடங்கிய ஒரு வாரத்துக்குள் விபத்துக் காப்பீட்டு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். எந்த வேலையை நிறுவனம் செய்கிறது, எதை நாமே செய்கிறோம், உதவிக்கு வருகிறவர்கள் யார் யார், எத்தனை மணி நேரம். பெரும்பாலானோர் ஏதோ ஓர் எண்ணைப் போட்டு அனுப்பிவிடுவார்கள். ரோஸ்வித்தா அஞ்சல்காரி. கையெழுத்து வாங்காமல் ஒரு பதிவுத் தபாலையும் அவள் யார் கையிலும் கொடுத்ததில்லை. பெருக்கித் தள்ள அரைமணி நேரம் வந்த பக்கத்து வீட்டுக் கிழவர்கூட அவள் நோட்டில் இருக்கிறார்.

விசித்திரம் என்னவென்றால், அவள் பேரே அதில் இல்லை. உதவிக்கு வருகிறவர்களுக்குத்தான் அந்தக் காப்பீடு. வீடு கட்டுகிறவருக்கு, தனியாகக் கேட்டுச் சேர்ந்தால் ஒழிய, கிடையாது. "நான் விழுந்தா நான் பாத்துக்கறேன். நீ விழுந்தா நான் பதில் சொல்லணும்" என்பாள்.

இதையெல்லாம் பார்க்கும்போது அவள் அண்ணன் லோரென்ஸுக்கு நெஞ்சு நிறையும், வெளியே சொல்ல மாட்டார். பதினைந்து வயதில் பள்ளியை விட்டு டைல்ஸ் ஒட்டப் போனவர் அவர். தங்கை கட்டம் போட்ட தாள்களைப் படித்து, ஒரு வரிகூட விடாமல் நிரப்புவதைத் தள்ளி நின்று பார்ப்பார்.

ஆனால் அந்த நோட்டில் எழுத மட்டும் அவருக்கு மனம் வரவில்லை. முதல் நாள் அவள் பென்சிலை நீட்டியபோது, எல்லோர் முன்னாலும், "கூடப்பொறந்தவன் கிட்டயும் கணக்கா? நான் என்ன, ஊர்க்காரனா?" என்று கேட்டுவிட்டுப் படியேறிப் போனார். அவள் இரண்டாம் தடவை சொல்லவில்லை. எழுதாமல் ஏறிய ஒரே ஆள் அவர்தான். பதினொரு நாள் ஏறினார்.

பன்னிரண்டாவது நாள் ஒரு செவ்வாய்க்கிழமை. அவள் தபால் சுற்றில் இருந்தாள். குளியலறைத் தரையை முடித்துவிடலாம் என்று அவர் மட்டும் மதியம் வந்தார். முந்தின நாள் மாலை, குளியல் தொட்டியை மேலே ஏற்றுவதற்காக அவளும் எக்கார்டும் மாடிப்படித் திறப்பின் தடுப்புக் கட்டையைக் கழற்றியிருந்தார்கள். திரும்ப அடிக்கவில்லை. பசை வாளியோடு பின்னால் ஓரடி வைத்தார் லோரென்ஸ். அங்கே தரை இல்லை.

இடுப்பெலும்பு, வலது குதிகால். "இனி முட்டி போட முடியுமான்னு பாக்கணும்" என்றார் மருத்துவர். முட்டி போட முடியாதவன் டைல்ஸ் ஒட்ட முடியாது.

மறுநாள் காலையே ரோஸ்வித்தா தொலைபேசியில் காப்பீட்டு அலுவலகத்துக்கு விபத்தைத் தெரிவித்தாள். கேள்விகளோடு தாள் வந்தது. அண்ணன் சும்மா எட்டிப்பார்க்க வந்தாரா, வேலைக்கு வந்தாரா? யார் அழைத்தது? இதற்கு முன் எத்தனை நாள், எத்தனை மணி? உடன்பிறந்தவர்களுக்குள் ஒரு சின்னக் கையுதவி என்று முடிவானால் காப்பீடு இல்லை. இனி அவர் வேலை செய்ய முடியாமல் போனால் ஓய்வூதியமாக வரக்கூடியதும் இல்லை.

எக்கார்ட் நோட்டை எடுத்துப் புரட்டினான். "இந்தா பாரு, கீழ எவ்வளவு எடம் இருக்கு. ஒவ்வொரு நாளும் அவர் பேரை நுழைச்சிடு. அதே பென்சில்தானே? உண்மையா வந்தவர்தானே?"

"வந்தாரு. எழுதல."

"அந்தத் தடுப்புக் கட்டையையாவது பதில்ல எழுதாம விட்டுடு, தாயே. ஒன் தலையில நீயே கல்லப் போட்டுக்காத."

அவள் நோட்டை வாங்கி மூடினாள்.

அடுத்த நான்கு நாளும் தபாலோடு இன்னொரு வேலையும் செய்தாள். நோட்டில் பேர் இருந்த ஒவ்வொருவர் வாசலிலும் சைக்கிளை நிறுத்தினாள். "நீ வந்த அன்னைக்கு எங்க அண்ணன் இருந்தாரா? பாத்ததை மட்டும் எழுதிக் குடு. எனக்காக ஒரு மணி நேரம்கூடக் கூட்டாத." பக்கத்து வீட்டுக் கிழவர் எழுதினார்: 'லோரென்ஸ் சமையலறையில் முட்டி போட்டு இருந்தார். என் செருப்புக் காலால் டைல்ஸை மிதித்ததற்குத் திட்டினார்.' அதையும் சேர்த்துப் பதினான்கு தாள்கள்.

மருத்துவமனையில் அண்ணனுக்குத் தன் பதிலை வாசித்துக் காட்டினாள். 'வேலைக்கு அழைத்தது நான். நோட்டில் அவர் பேர் இல்லை. எழுதச் சொன்னேன், மறுத்தார், விட்டுவிட்டேன். தடுப்புக் கட்டையைக் கழற்றியது நான். அடிக்க மறந்ததும் நான்.'

லோரென்ஸ் தாளைக் கையில் வாங்கினார். "கட்டையை எழுதணுமா, ரோசி? உன்னைப் பிடிச்சுக் கேப்பாங்க."

"கேட்டா சொல்றேன்."

"எல்லாம் என்னால."

"அண்ணே, உன் இடத்துல கையெழுத்துப் போடு. ஆறு மணிக்குத் தபால் எடுத்துடுவாங்க."

ஏழு வாரமாகியும் பதில் வரவில்லை. தடுப்புக் கட்டை அவர் விழுந்த அன்றே ஏறிவிட்டது, ஒன்றுக்கு இரண்டாக. தோழர்கள் மறுபடி வரத் தொடங்கினார்கள். கேலி மட்டும் நின்றுபோனது. எக்கார்ட் அச்சடித்த மாதிரி எழுதுகிறான்.

போன சனிக்கிழமை லோரென்ஸ் சக்கர நாற்காலியில் வந்தார். குளியலறையை யாரோ கோணலாக ஒட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் படுக்கை கொள்ளவில்லை. எக்கார்ட் பலகை போட்டு அவரை வாசல்வரை ஏற்றினான். அங்கே லோரென்ஸ் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். தலையைத் தூக்கி நோட்டைப் பார்த்தார். கையை நீட்டினார். விரல் நுனி பென்சிலின் அடியைத் தொட்டது. பென்சில் ஆடியது, கைக்கு வரவில்லை.

எக்கார்ட் எடுத்துத் தரப் போனான். ரோஸ்வித்தா அவனைத் தடுத்தாள். குறடால் ஆணியைப் பிடுங்கினாள். நாற்காலி பக்கத்தில் குந்தி, அண்ணன் தோள் உயரத்துக்கு ஆணியை வைத்து, மூன்றே அடியில் இறக்கினாள். நோட்டை மாட்டிவிட்டு, அவர் எழுதி முடிக்கும்வரை எதிர்ச் சுவரைப் பார்த்தபடி நின்றாள்.