நான் சொன்ன முதல் சாட்சி பொய்

சபையில் எல்லார் முன்னாலும் எழுந்து நின்று பொய்ச் சாட்சி சொன்னவள் நான். அதைச் சொல்லாமல் கர்த்தர் எனக்குச் செய்த நன்மையைச் சொல்ல முடியாது. அதனால் அதையே முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் ஸ்டெல்லா. பினாங்கு, ஜெலுத்தோங்கில் ஓர் அடுக்குமாடியின் மூன்றாம் மாடியில் என் கணவரோடு இருக்கிறேன். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் பல வருடம் வேலை செய்தேன். இனிப்புநீர், அதாவது சர்க்கரை நோய், என் சிறுநீரகங்களைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுத்துவிட்டது. சீக்கிரம் டயாலிசிஸ் தொடங்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். பயந்து போனேன். இரவும் பகலும் சுகம் கேட்டு ஜெபித்தேன்.

ஒரு ஜெபக்கூட்டத்தில் உடம்பெல்லாம் சூடாக ஏதோ ஓடியது போல இருந்தது. அடுத்த ரத்தப் பரிசோதனையில் எண்கள் துளி இறங்கியிருந்தன. அது போதாதா? அந்த ஞாயிறே எழுந்து நின்று, "எனக்குப் பூரண சுகம் கிடைத்துவிட்டது" என்றேன். எல்லாரும் கைதட்டினார்கள். மருந்தை நிறுத்தினேன். கிளினிக்குக்குப் போவதையும் நிறுத்தினேன். தொழிற்சாலையில் சொன்னேன். லிஃப்டில் வருகிறவர்களிடம் சொன்னேன். எங்கள் கட்டடத்தில் ஆறாம் மாடியில் இருக்கும் லெட்சுமி அக்கா, பாசார் சந்தைப் பக்கத்தில் ஆப்பம் சுட்டு விற்கிறவர், அவரிடமும் சொன்னேன். "ஒன் சாமி பெரிய சாமிதான் போ" என்று சொல்லி ஓர் ஆப்பம் சும்மா கொடுத்தார்.

நான்கு மாதம் கழித்து, முகம் வீங்கி, மூச்சு வாங்கி, கீழ்த்தளத்தில் லிஃப்ட் வாசலிலேயே விழுந்தேன். ஆம்புலன்ஸ் வந்தது. பாதிக் கட்டடம் இறங்கி வந்து பார்த்தது. "என்னாச்சு, சாமி இன்னைக்கு லீவா?" என்று யாரோ கேட்டது காதில் விழுந்தது. யாரோ சிரித்தார்கள்.

பிழைத்துக்கொண்டேன். அன்றிலிருந்து டயாலிசிஸ். செவ்வாய், வியாழன், சனி, காலையில் நான்கு மணி நேரம்.

அதற்குப் பிறகு எனக்குள் ஒன்றுமே இல்லை. அழுகை வரவில்லை. கோபமும் வரவில்லை. சபைக்குப் போய்க் கடைசி வரிசையில் உட்காருவேன். பாட்டு நடக்கும். வாய் அசையும். யாரும் என்னைக் குற்றம் சொல்லவில்லை, ஆனால் சாட்சி நேரத்தில் யாரும் என் பக்கம் திரும்பவும் இல்லை. கர்த்தரையே பொய்யராக்கிவிட்டேன், இனி அவரைப் பற்றிப் பேச எனக்குத் தகுதியில்லை என்று முடிவு செய்துகொண்டேன். ஜெபத்தையும் விட்டேன்.

ஒரு வருடம் இப்படியே போனது. ஒரு செவ்வாய்க்கிழமை டயாலிசிஸ் மையத்தில் என் பக்கத்து நாற்காலிக்குப் புதிதாக ஒருவரைக் கூட்டி வந்தார்கள். லெட்சுமி அக்கா.

"ஸ்டெல்லா? நீயும் இங்கதான் வர்றியா லா? ஒனக்குத்தான் கொணமாயிடுச்சுன்னு சொன்னியே?"

குத்திக்காட்ட அவர் கேட்கவில்லை. நான் விழுந்த அன்று அவர் கடையில் இருந்திருக்கிறார், நிஜமாகவே தெரியாமல் கேட்டார். நான் போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன்.

அக்காவுக்கு ஊசி என்றால் உயிர் போகும் பயம். டயாலிசிஸ் ஊசி சாதாரண ஊசி இல்லை, தடியாக இருக்கும். ஒவ்வொரு முறையும் சின்னப் பிள்ளை போல அழுவார். மூன்றாவது வாரம் செவ்வாயன்று என் பக்கம் திரும்பிக் கேட்டார்.

"ஒங்க சாமிகிட்ட என்னா சொல்லி கும்பிடுவ? எனக்கும் சொல்லேன்."

"அதெல்லாம் இப்ப இல்லக்கா. நான் சும்மாதான் வர்றேன்" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். பேதுரு இயேசுவைத் தெரியாது என்று மறுதலித்த பிறகு வெளியே போய் மனங்கசந்து அழுதான். எனக்கு அந்த அழுகைகூட வரவில்லை. வீட்டுக்குப் போய்ச் சோறு சாப்பிட்டுத் தூங்கினேன்.

வியாழக்கிழமை அக்காவின் நாற்காலி காலியாக இருந்தது. சனிக்கிழமையும் காலி. தாதியிடம் கேட்டேன். "போன் பண்ணிட்டோம். இனிமே வரலன்னு மக சொல்லுது" என்றார். செவ்வாய்க்குப் பிறகு ரத்தச் சுத்திகரிப்பு இல்லை என்றால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும். என் உடம்புக்கே தெரியும்.

அந்த நாற்காலியில் கிடந்தபடியே, ஒரு வருடத்துக்குப் பிறகு ஜெபித்தேன். "இயேசப்பா, எனக்கு ஒண்ணும் தோணல. ஒங்க மேல அன்பு இருக்கான்னுகூட தெரியல. அவங்க சாகக் கூடாது. என் வாயத் தொறங்க." அவ்வளவுதான். சூடு எதுவும் ஓடவில்லை. குளிர்சாதனக் குளிர்தான் இருந்தது.

வீடு திரும்பியபோது லிஃப்ட் பழுது. டயாலிசிஸ் முடிந்த உடம்போடு ஆறு மாடி ஏறினேன். ஒவ்வொரு மாடியிலும் உட்கார்ந்து எழுந்தேன். என் மாடி வந்தபோது வீட்டுக்குள் போய்ப் படுத்துவிடலாம் என்று தோன்றியது. ஏன் போகவில்லை என்று இன்றைக்கும் தெரியாது.

கதவைத் திறந்தது அக்காவின் மகள் கவிதா. "யார் சொன்னாலும் கேக்க மாட்டேங்குறாங்க ஆன்ட்டி. நீங்களாச்சும் சொல்லிப் பாருங்க."

அக்கா கூடத்தில் மெத்தையில் படுத்திருந்தார். முகம் வீங்கியிருந்தது.

"எதுக்குலா ஏறி வந்த? ஒன் சாமியே ஒனக்கு ஒண்ணும் செய்யல. என் சாமி மட்டும் என்னா செஞ்சிருவாரு? போதும், விட்டுரு."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் சொன்ன பொய் இவரையும் படுக்க வைத்திருக்கிறது.

"அக்கா, அன்னைக்கு உங்க கடையில நான் சொன்னது பொய்" என்றேன். "எனக்குக் கொணமாகல. ஆகணும்னு ஆசப்பட்டேன், ஆயிடுச்சுன்னு சொல்லிட்டேன். மருந்த நிறுத்தச் சொல்லி இயேசு சொல்லல. நானா நிறுத்தினேன்."

"அப்ப அவரு என்னதான் செஞ்சாரு?"

"செத்துருக்க வேண்டியவ நான். சாகல. நான் கேட்டத அவர் செய்யல, ஆனா என்னைக் கைவிடவும் இல்ல. நான்தான் வெக்கப்பட்டு அவரப் பத்திப் பேசுறத விட்டுட்டேன். என்னா சொல்லி கும்பிடுவேன்னு கேட்டீங்கல்ல? 'இயேசப்பா, கூட இருங்க'ன்னு சொல்வேன். அதையும் விட்டிருந்தேன். இன்னைக்குத்தான் திரும்பப் பேசினேன்."

அக்கா என் பக்கம் திரும்பிப் படுத்தார்.

"ஊசி குத்துறப்ப அதச் சொல்லுவியா? சத்தமா?"

"சொல்றேன்க்கா."

"எல்லாரும் பாப்பாங்க லா."

"பாக்கட்டும்."

கவிதாவும் பக்கத்து வீட்டு ஆண்களும் அக்காவை நாற்காலியோடு தூக்கிக் கீழே இறக்கினார்கள். அவசரப் பிரிவுக்குப் போனோம். ரத்தத்தில் உப்பு ஏறி இதயம் தடுமாறத் தொடங்கியிருந்தது, இன்னும் ஒரு நாள் போயிருந்தால் காப்பாற்றியிருக்க முடியாது என்றார் டாக்டர். தாதி ஊசியை எடுத்தபோது அக்காவின் மற்ற கையைப் பிடித்துக்கொண்டு சத்தமாகச் சொன்னேன். "இயேசப்பா, அக்கா கூட இருங்க." பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா அழவில்லை.

அடுத்த ஞாயிறு போதகரிடம் அனுமதி கேட்டு, சபையில் எழுந்து நின்று என் பழைய சாட்சியைத் திருத்தினேன். இந்த முறை யாரும் கைதட்டவில்லை. ஆராதனை முடிந்ததும் ஒரு சகோதரி என்னை ஓரமாக அழைத்தார். என் முதல் சாட்சியைக் கேட்டு அவரும் இனிப்புநீர் மாத்திரையை நிறுத்தியிருந்தாராம். மறுநாள் நானே அவரைக் கிளினிக்குக்கு அழைத்துப் போனேன். அன்று பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் எனக்கு அழுகை வந்தது. ஒரு வருடத்துக்கும் மேலான அழுகை.

லெட்சுமி அக்கா இன்றும் என் பக்கத்து நாற்காலியில்தான் இருக்கிறார். அவர் வீட்டில் முருகன் படம் இருக்கிறது. சில ஞாயிறுகளில் என்னோடு சபைக்கும் வருகிறார். அவர் உள்ளத்தில் நடப்பது கர்த்தருக்குத் தெரியும், நான் அவசரப்படுத்துவதில்லை. போன மாதம் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் புதிதாக வந்து பயந்து நடுங்கினார். அக்கா தன் நாற்காலியிலிருந்தே கூப்பிட்டுச் சொன்னார்.

"பயப்படாதீங்க டீச்சர். இந்த ஸ்டெல்லாவுக்கும் கொணமாகல, எனக்கும் கொணமாகல. ஆனா இவ ஒரு வார்த்த சொல்வா, கேட்டுக்குங்க."

மொத்த அறையும் என்னைப் பார்த்தது. வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் சொன்னேன்.

என்னைப் போலத் தவறி விழுந்து, இனி எந்த முகத்தோடு ஆண்டவரைப் பற்றிப் பேசுவது என்று கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறவர்களே, தைரியம் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். எனக்கு அது இன்றுவரை முன்கூட்டி வந்ததே இல்லை. அவரிடம் கேளுங்கள், பேச வேண்டிய நேரத்தில் வார்த்தை வரும். அதைத் தருகிறவருக்கு என் நன்றி.