அடுப்புக்கரியில் பூத்தவை

ஆர்க்கிட் விற்பது என்பது பாதி செடி விற்பது, மீதிப் பாதி சமாதானம் சொல்வது. ரோஜாச் செடி பட்டுப்போனால் போகட்டும் என்று விட்டுவிடுவார்கள். ஆர்க்கிட் பட்டுப்போனால் விற்றவளைத் தேடி வருவார்கள். வீட்டில் ஒன்றைத் தொங்கவிட்டு, அது உயிரோடு இருக்கிறதா இல்லையா என்று தினமும் உற்றுப் பார்க்கிற உங்களுக்கு என் பாடு சட்டென்று புரியும்.

எழுபதுகளின் கடைசியில், திருநகரில் எங்கள் வீட்டுக் கொல்லையில் கீற்றுப் பந்தல் போட்டு இந்த வியாபாரத்தை ஆரம்பித்தேன். என் தம்பி மலையில் ஒரு காபித் தோட்டத்தில் வேலை பார்த்தான். அவன் அனுப்புகிற செடிகளை ஓட்டுச்சில்லு, அடுப்புக்கரி, தேங்காய் மட்டை எல்லாம் போட்டுத் தொட்டியில் கட்டுவது என் வேலை. சித்திரை வெயிலுக்குப் பந்தலைச் சுற்றி நனைத்த சாக்குகளைத் தொங்கவிடுவேன். அந்தக் குளிர்ச்சிக்குச் செடிகளை முந்திக்கொண்டு என் கணவர் நாற்காலியோடு உள்ளே வந்துவிடுவார்.

மண் எங்கே?

கோச்சடையில் நெல்லும் வாழையும் போட்டிருந்த மாயழகு அண்ணன், காலேஜில் படிக்கிற மகள் செல்வி ஆசைப்பட்டாள் என்று ஊதாப்பூ ஆர்க்கிட் ஒன்று வாங்க வந்தார். தொட்டிக்குள் விரலை விட்டுக் கிளறினார். ஒரு கரித்துண்டை எடுத்து மோந்து பார்த்தார். "செடியக் குடுத்துட்டீக. மண்ண எப்பத் தருவீக?" என்றார். மண் வேண்டாம், வேருக்குக் காற்றுதான் வேண்டும் என்று நான் சொன்னதை மரியாதைக்காகக் கேட்டுக்கொண்டார்.

மழைக்காலம் முடிவதற்குள் மகளைக் கூட்டிக்கொண்டு, தொட்டியையும் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தார். என் கரியையும் ஓட்டுச்சில்லையும் கொட்டிவிட்டு, கண்மாயில் வெட்டிய கரம்பை மண்ணும் மக்கிய சாணமும் போட்டு நிரப்பி, வாழைக்குப் பாய்ச்சுகிற மாதிரி பாய்ச்சியிருக்கிறார். வேர் முழுக்க அழுகிக் கொழகொழத்துக் கிடந்தது. செல்வி அழுதுவிடுவாள் போலிருந்தது. அழுகியதையெல்லாம் நறுக்கி எறிந்தேன். ஓரத்தில் ஒரே ஒரு பச்சை முளை மிஞ்சியிருந்தது. அதைப் புதுக்கரியில் கட்டி அவள் கையில் கொடுத்தேன். மாயழகு அண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"நல்ல சோறு போட்டாச் செத்துப்போற பிள்ளைய இப்பத்தேன் தாயி பாக்குறேன்."

சிவந்த வேர்

சிம்மக்கல்லுக்குப் பக்கத்தில் ஒரு சந்தில் ருக்மணி பாய் அம்மா வீடு. சௌராஷ்டிரக் குடும்பம், நூலுக்குச் சாயம் போடுகிறவர்கள். வெள்ளைப்பூ ஆர்க்கிட் ஒன்று வாங்கிப் போயிருந்தார். கொஞ்ச நாளில், உடனே வந்து பார்க்கும்படி ஆள் அனுப்பினார். எந்த நோயோ என்று பயந்துகொண்டே டவுன் பஸ் ஏறினேன்.

முற்றத்தில் குறுக்காகக் கட்டிய மூங்கில்களில் ரோஸ் நிறச் சாயநூல் சொட்டச் சொட்டத் தொங்கியது. நிழலும் ஈரமும் ஒரே இடத்தில் கிடைக்கிறதே என்று அதற்கு நேர் கீழே என் செடியை மாட்டியிருந்தார். ஆர்க்கிட்டின் வேர் வெள்ளையாகப் பஞ்சு மாதிரி இருக்கும், எதையும் குடித்துவிடும். அத்தனை வேரும் கல்யாணப்பெண் கை மாதிரி சிவந்து கிடந்தது. மருமகள்கள் சுற்றி நின்று தங்கள் பாஷையில் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். சாயத்தண்ணீர் செடிக்கு ஆகாது என்று சொல்லி, வேரை நல்ல தண்ணீரில் அலசி, வேறு கொக்கியில் மாட்டினேன். ருக்மணி பாய் அம்மாவுக்கு மனசே இல்லை. அவர் என்னை வரச்சொன்னது நோய்க்காக அல்ல என்று அப்புறம்தான் தெரிந்தது.

"வேர் சிவந்தாச்சும்மா. பூ சிவக்க இன்னும் எத்தனை நாளாகும்னு கேக்கத்தான் கூப்பிட்டேன்."

வெள்ளிக்கிழமை

மாயழகு அண்ணன் மகள் செல்வியைத் திருநகரிலேயே, எங்களுக்கு இரண்டு தெரு தள்ளிக் கட்டிக் கொடுத்தார்கள். சீரோடு சீராக அந்த ஊதாப்பூச் செடியும் வந்தது. மாமியார் பேச்சியம்மாள் அதைப் பார்த்ததும், "இது புல்லுருவில்ல? ஒட்டுன மரத்த உறிஞ்சிப்புடும். வீட்டுக்கு ஆகாது" என்றுவிட்டார். ஒருநாள் காலையில் செல்வி செடியைக் கூடையில் துணி போட்டு மூடிக்கொண்டு வந்தாள். "எறியச் சொல்லிட்டாகக்கா. எனக்கு மனசு வரல" என்றாள். வாங்கி என் பந்தலில் மாட்டினேன்.

அதன்பின் வெள்ளிக்கிழமைதோறும் கோயிலுக்கு என்று சொல்லிவிட்டு இங்கே வருவாள். இலையைத் துடைப்பாள், வேரைத் தடவிப் பார்ப்பாள், கோயிலுக்குப் போனதற்கு அடையாளமாக என்னிடம் குங்குமம் வாங்கிக்கொண்டு ஓடுவாள். புது வீட்டில் அவள் வாயைத் திறக்கவே பயப்படுகிறாள் என்பது மட்டும் எனக்குத் தெரிந்தது. ஒரு வெள்ளிக்கிழமை கொத்தாகப் பூத்திருந்தது. செல்வி வந்து நின்ற சற்று நேரத்தில் பின்னாலேயே பேச்சியம்மாள் படலைத் திறந்துகொண்டு வந்தார். கோயிலில் தேடியிருக்கிறார். செல்வி கையிலிருந்த செம்பை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள்.

"இது புல்லுருவி இல்லம்மா. மரத்தப் பிடிச்சுக்கும், அம்புட்டுதேன். ஒண்ணையும் உறிஞ்சாது" என்றேன். அவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. செடியைச் சுற்றி வந்தார். ஒரு பூவை விரல் நுனியால் தூக்கிப் பார்த்தார். "இது நம்ம செடியா?" என்று மருமகளைக் கேட்டார். செல்வி தலையை மட்டும் ஆட்டினாள். பேச்சியம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு என்னிடம் கையை நீட்டினார்.

"எங்க வீட்டுப் பிள்ளை வளத்த செடி அடுத்தவுக வீட்டுல பூத்துக் கெடந்தா, தெருவுல என்னையில்ல கேவலமாப் பேசுவாக? கழத்திக் குடுங்க."

குறை சொல்ல ஒரு செடி

பழனிவேல் சார் ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி தவறிவிட்டார், பையன்கள் வடக்கே. என்னிடம் வாங்கிய செடி பூக்கவே இல்லை என்று ஞாயிற்றுக்கிழமை தவறாமல் குறை சொல்ல வருவார். நான் வெளிச்சம் போதாது என்பேன். என் கணவருக்குப் பக்கத்தில், ஈரச் சாக்குகளுக்கு நடுவே உட்கார்ந்து காபி குடித்துவிட்டுப் போவார். இப்படியே வருஷங்கள் ஓடின. ஒருநாள் அல்வாப் பொட்டலத்தோடு வந்தார். "பூத்திருச்சும்மா!" என்று சொல்லிக்கொண்டே பொட்டலத்தைப் பிரித்தார்.

அதற்கப்புறம் அவர் வரவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் என் கணவர் வாசலையே பார்ப்பார். உடம்புக்கு என்னவோ என்று இருவரும் அவர் வீட்டுக்குப் போனோம். ஆள் நன்றாகத்தான் இருந்தார். வராந்தாவில் செடியும் பூவோடு நின்றது. ஏன் வரவில்லை என்றதற்கு, "குறை ஒண்ணும் இல்லையேம்மா. சும்மா எப்படி வாரது?" என்றார். என் கணவர் விறுவிறுவென்று வீட்டுக்கு நடந்தார். பந்தலிலேயே பூக்காமல் அதிகம் முரண்டு பிடித்த செடி ஒன்றைத் தேடி எடுத்துக்கொண்டு, திரும்பப் போய் அவர் கையில் கொடுத்தார்.

"இது லேசுல பூக்காது சார். வாராவாரம் கொண்டாந்து காட்டணும்."

ஆர்க்கிட் வளர்க்கச் சொல்லிக்கொடுத்தவள் என்று திருநகரில் எனக்கு ஒரு பெயர் உண்டு. உண்மையில் நான் செய்ததெல்லாம், பிரியத்தோடு தண்ணீர் ஊற்ற வந்த கைகளைப் பிடித்து நிறுத்தியதுதான்.