மருந்தடிக்க வந்தவர் பிரித்துக் கொடுத்த எட்டுக் கரப்பான்கள்

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. பிரிக்ஃபீல்ட்ஸில் ஓர் அடுக்குமாடி வீட்டில் குடியிருந்தோம். சிரிக்காதீர்கள், நான் கரப்பான்பூச்சி வளர்த்தேன்! அடுப்படியில் ஓடுகிற கரப்பான் இல்லை. மடகாஸ்கர் கரப்பான், கட்டைவிரலைவிடப் பருமன், இறக்கை கிடையாது, தொட்டால் 'உஸ்' என்று சீறும். என் வீட்டுக்காரர் அந்த அறைப் பக்கமே வரமாட்டார்.

செராஸில் இருந்த என் தோழிக்கும் இதே பைத்தியம். அவளுடையதும் என்னுடையதும் பார்க்க ஒரே மாதிரி, ஆனால் வேறு வேறு இனம். மூன்று வருடமாகக் கலப்பில்லாமல் பெருக்கி வந்தாள். ஒரு மாதம் இந்தியா போனபோது, அதற்குள் கூட்டம் பெருகிவிடக் கூடாதென்று நான்கு ஆண்களை மட்டும் பிரித்து என்னிடம் விட்டாள். அடையாளம் சொல்ல வந்தவளை, "என் பிள்ளைங்கள எனக்குத் தெரியாதா?" என்று வாயடைத்து அனுப்பினேன்.

அவள் திரும்பி வந்து வாங்கிப்போகும் நாள், கண்ணாடித் தொட்டிகளைக் கழுவலாம் என்று அவளுடைய நான்கையும் என்னுடைய ஆண்கள் நான்கையும் ஒரே வாளியில் போட்டேன். என்னுடையது கொஞ்சம் கறுப்பு, பிரித்துவிடலாம் என்ற திமிர்தான். ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தால் எட்டும் ஒரே நிறம்! என்னுடையது ஒன்று அவள் கூட்டத்தில் சேர்ந்தாலும் மூன்று வருட உழைப்பு பாழ்.

அந்த நேரம் பார்த்துக் கதவு தட்டினார்கள்.

"அக்கா, கதவத் தெறங்க. எல்லா வீட்டுலயும் கரப்பானுக்கு மருந்தடிக்க வந்திருக்கேன்."

"ஐயோ, வேணாம்ணே! உள்ள என் கரப்பான் இருக்கு!"

"அதுக்குத்தானே வந்திருக்கேன்?"

அழாத குறையாக வாளியைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். "அம்மாடி, என்னா சைஸ் லா!" என்று மருந்துப் பம்பை வெளியிலேயே வைத்துவிட்டு உள்ளே வந்தார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"என் கையில மருந்து பட்டிருக்கு, நான் தொட்டா செத்துரும். நீங்க ஒவ்வொண்ணா தூக்கிக் காட்டுங்க. கலர நம்பாதீங்கக்கா, வயசாக ஆக மாறும். எங்க வேலையில கழுத்துத் தகட்டத்தான் மொதல்ல பாப்போம்."

ஒன்று, இரண்டு... மூன்றாவதைத் தூக்கியதும், "நில்லுங்க, நில்லுங்க!" என்று கத்தினார். தலையை மூடியிருக்கும் தகட்டின் முன்விளிம்பில், கடித்து எடுத்த மாதிரி ஒரு சின்னப் பள்ளம்! முதல் இரண்டிலும் அது இல்லை. பரபரவென்று மற்றதையும் பார்த்தோம். பள்ளம் உள்ளது நான்கு, இல்லாதது நான்கு! நான் குதித்தே விட்டேன்.

"சரி, இதுல எது உங்களுது?" என்றார். குதித்தவளுக்கு அதுதான் தெரியவில்லை. அவரே, "உங்களுதுல செத்துப்போனது ஏதாச்சும் வச்சிருக்கீங்களா?" என்று கேட்டார். இருந்தது! என் முதல் ஆண் பூச்சியைத் தூக்கிப் போட மனமில்லாமல் பிஸ்கட் டின்னில் வைத்திருந்தேன். திறந்து பார்த்தால் விளிம்பில் பள்ளமே இல்லை. அப்படியென்றால் பள்ளம் உள்ள நான்கும் அவளுடையவை. "இந்த வீட்டுக்கு மருந்து வேணாம்னு எழுதிக்கிறேன்" என்று சிரித்துக்கொண்டே போனார்.

சாயங்காலம் தோழி வந்து முன்விளிம்பைத்தான் முதலில் பார்த்தாள். நான்கும் அவளுடையவைதான். நடந்ததை மறைக்காமல் சொன்னேன்; தலையில் நறுக்கென்று ஒரு குட்டு விழுந்தது.

இன்றைக்கும் 'எனக்குத் தெரியாதா?' என்று வாய் வரை வரும்போதெல்லாம், கரப்பானைக் கொல்ல வந்த இடத்தில் ஒன்றுகூடச் சாகக் கூடாதென்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்த அந்த அண்ணன்தான் நினைவுக்கு வருகிறார். நானும் வாயை மூடிக்கொண்டு, ஒருமுறை குனிந்து பார்க்கிறேன்.