பின்கண்ணாடியில் தண்ணீர் வந்த பிறகு

"கார்த்திகை 3, திங்கள். விட்டு விட்டு மழை. ஏலத்துக்குக் கிளம்பும்போது கார் பின்னால் போய் எதிர்வீட்டுக்காரரின் சைக்கிளில் இடித்தது. அவருக்கு அடி இல்லை. காரணம்: பின்கண்ணாடிக்குத் தண்ணீர் அடிக்கவில்லை."

என் நாட்குறிப்பில் அன்றைக்கு இவ்வளவுதான் இருக்கிறது. காரணம் என்று எழுதியிருப்பது என் மனைவி சொன்னது. அவள் சொன்னாள், நான் எழுதிக்கொண்டேன். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. அவள் சொன்னதை மறுக்க என்னிடம் ஆதாரம் இல்லை. மறுக்கும் விருப்பமும் இல்லை.

அவள் மீனவக் குடும்பத்தில் பிறந்தவள். விடியற்காலையில் தேங்காய்த்திட்டு துறைமுகத்தில் ஏலம் எடுத்து, தெர்மோகோல் பெட்டிகளில் ஐஸ் கொட்டி, டிக்கியில் அடுக்கிக்கொண்டு, முதல் நாளே போனில் சொல்லி வைத்த வீடுகளுக்குக் கொண்டு போய்க் கொடுப்பாள். மூலக்குளத்தில் ஆரம்பித்து உழவர்கரை வரை அவளுக்கு வாடிக்கை வீடுகள் உண்டு. அவளுடைய அம்மாவைக் கூடையோடு பஸ்ஸில் ஏற்றமாட்டார்கள். ஏறினாலும் பாதி வழியில் இறக்கிவிட்ட நாட்கள் உண்டு. கார் வாங்கிய அன்று அவள் ஸ்டியரிங்கைத் தட்டிச் சொன்னாள்: "இதுலேருந்து என்ன எவன் எறக்கிவுடுவான், பாக்கலாம்." அவள் ஓட்டினால்தான் இந்தத் தொழில். என் பங்கு, யாருக்கு எந்த மீன் என்று எழுதி வைப்பதும், மத்தியானம் டிக்கியைத் துடைப்பதும்தான்.

எதிர்வீட்டுக்காரர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குபவர். தெருவில் எல்லோருக்கும் அவர் சொல்தா, பிரெஞ்சில் சிப்பாய். இடித்த அன்று சைக்கிளைப் போட்டுவிட்டுச் சாக்கடை ஓரம் தாவி நின்றார்.

"மதாம், பின்னால ஒரு ஆள் வர்றது தெரியலயா?"

"கண்ணாடி பூரா சேறு மிசே. தண்ணி அடிக்க மாட்டேங்குது."

அவர் வந்து பின்கண்ணாடியில் ஒரு விரலை வைத்து இழுத்தார். விரலைத் திருப்பிப் பார்த்தார். சைக்கிளைத் தூக்கிக்கொண்டு போனார். நானும் கண்ணாடியைப் பார்த்தேன். சேறு இருந்தது. அவள் சொன்ன அளவுக்கு இல்லை.

அந்த வாரம் முழுக்க நான் பின்கண்ணாடியோடு மல்லுக்கட்டினேன். காரோடு வந்த புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து படித்தேன். பொத்தானை அழுத்தினால் முன்பக்கம் எங்கோ மோட்டார் உறுமுகிறது, வைப்பர் ஆடுகிறது, தண்ணீர் மட்டும் வரவில்லை. ஊசியால் நாசிலைக் குத்தினேன். போர் தண்ணீரின் உப்பு அடைத்திருக்கும் என்று தொட்டியில் ஏ.சி.யிலிருந்து வடிந்த தண்ணீரை ஊற்றி, கொஞ்சம் சீயக்காய் ஷாம்புவும் கலந்தேன். ஊற்றிய தண்ணீர் மட்டும் சீக்கிரம் சீக்கிரமாகத் தீர்ந்தது. மழைக்காலத்தில் முன்கண்ணாடிக்கு அதிகம் செலவாகிறது என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன். என் அவசரத்துக்குக் காரணம் உண்டு. தண்ணீர் வந்துவிட்டால் அவள் சொன்ன காரணம் உண்மையாகிவிடும் என்று நினைத்தேன்.

சனிக்கிழமை, கடைசி வீட்டுக்கு மீன் கொடுத்த பிறகு, உழவர்கரையில் ஆட்டோ எலக்ட்ரீஷியன் கடைக்குப் போனோம். கடைக்காரரை எல்லோரும் பாய் என்பார்கள். நாற்பது வயது இருக்கும். என் மனைவிக்குப் பழைய வாடிக்கைக்காரர்.

"வாங்கக்கா. உங்க வண்டி முனை திரும்பறப்பவே தெரிஞ்சிடுச்சு. பூனைங்க எழுந்து நின்னுச்சு."

"போன வாரம் வஞ்சிரம் வாங்கிட்டுப் போனியே, அது நாறலயா?"

"அது பிரியாணி ஆயிடுச்சுக்கா."

அவர் பொத்தானை அழுத்திக் காதைச் சாய்த்துக் கேட்டார். டிக்கியைத் திறந்து அடிப்பாயைத் தூக்கினார். ஸ்டெப்னி குழியில் கணுக்கால் நனையும் அளவுக்குத் தண்ணீர்.

"ஐஸ் தண்ணி இறங்கியிருக்குது," என்றேன். "பெட்டி சரியா மூடறதில்ல. ஏத்தி விடற ஆள்கிட்ட இவ தெனமும் சண்ட போடறா."

என் மனைவி குனிந்தாள். ஒரு விரலை நனைத்து மூக்கருகே கொண்டுபோனாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"இது ஐஸ் தண்ணி இல்ல. மீன் தண்ணி வழுவழுன்னு இருக்கும். இது சீயக்கா ஷாம்பு."

பாய் சிரித்துவிட்டார். அவள் சிரிக்கவில்லை.

"தெனமும் தொடைக்கறீங்களே, ஒரு நாளாவது மோந்து பாத்தீங்களா? நான் அந்தாளப் போயி வாய்க்கு வந்தபடி திட்டிட்டு இருந்தேன்."

மீன் ஏற்றும் காரில் ஈரம் இருந்தால் அது மீன் ஈரம்தான் என்று நாங்கள் இருவருமே முடிவு கட்டியிருந்தோம். மீன் நாற்றம் எப்போதும் இருந்ததால் அந்த முடிவைச் சோதிக்கத் தோன்றவில்லை. ஒரு பக்கம் தொட்டி தீர்ந்துகொண்டிருந்தது, இன்னொரு பக்கம் குழி நிறைந்துகொண்டிருந்தது. இரண்டையும் நான்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். சேர்த்துப் பார்க்கவில்லை.

டிக்கிக் கதவு மேலே காரோடு சேரும் இடத்தில் ஒரு ரப்பர் உறை இருக்கிறது. முன்பக்கத் தொட்டியிலிருந்து கூரை வழியாக வரும் மெல்லிய குழாய் அதற்குள் நுழைந்துதான் கதவுக்குப் போகிறது. பாய் உறையைப் பிரித்தார். குழாய் மடங்கும் இடத்தில் இற்றுப்போய் இரண்டாகப் பிரிந்திருந்தது.

"வீட்டுக்கு வீடு டிக்கியத் தொறந்து தொறந்து மூடறீங்க. ரப்பர் தாங்குமா? மத்தவங்க வண்டில இது வருஷக்கணக்குல வரும். உங்க வண்டில வராது."

பழைய துண்டை வெட்டி எடுத்து, புதிய குழாயை இரண்டு பக்கமும் செருகி இறுக்கினார். மடங்கும்போது இழுபடாமல் இருக்கக் கொஞ்சம் நீளம் கூடுதலாக விட்டார். குழியை வடித்துத் துடைத்தார். அவள் இருக்கையில் உட்கார்ந்து பொத்தானை அழுத்தினாள். சற்று நேரம் காற்று மட்டும் சீறியது. பிறகு தண்ணீர் விசிறியாகப் பாய்ந்தது, வைப்பர் வழித்துத் தள்ளியது. நான் முன் இருக்கையில் இருந்து திரும்பிப் பார்த்தேன். கண்ணாடி பளிச்சென்று இருந்தது.

பாய் காருக்குப் பின்னால் போய் இடது ஓரமாக நின்று கையைத் தூக்கினார்.

"அக்கா, எத்தினி வெரலு?"

"உன் கையில ரெண்டு வெரலுதான் வேல செய்யும். பீடி புடிக்க."

பக்கத்துக் கடைக்காரரும் சேர்ந்து சிரித்தார். பாய் நான்கு விரல் காட்டிக்கொண்டிருந்தார். அவள் எண்ணினாளா, எண்ணாமலே சொன்னாளா என்று எனக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவள் உற்சாகமாகப் பேசினாள். தேவையே இல்லாமல் இரண்டு மூன்று தடவை பின்கண்ணாடிக்குத் தண்ணீர் அடித்தாள். நான் பதில் சொல்லிக்கொண்டே வந்தேன். உள்ளுக்குள் அந்த நான்கு விரல் உறுத்தியது.

மறுநாள் ஞாயிறு, அவளுக்கு வியாபாரம் அதிகமான நாள். காரைத் தெருவுக்கு எடுக்கும்போது, பின்னால் நின்று பார்க்கிறேன் என்றேன்.

"எதுக்கு? அதான் தண்ணி வருதே."

"சும்மா நிக்கறேன்."

"அப்போ நடுவுல நில்லுங்க."

நடுவில் நின்றேன். கார் மெல்லப் பின்னால் வந்தது. அப்போது, அவளிடம் சொல்லாமல், இடப்பக்கமாக நகர்ந்து ஓரத்தில் நின்றேன். நேராக மட்டும் பார்ப்பவர் கண்ணில் படாமல் போகலாம், ஓரத்தையும் பார்ப்பவர் கண்ணில் கட்டாயம் படும் இடம். அவள் ஸ்டியரிங்கைத் திருப்பினாள். கார் என்னை நோக்கி வளைந்து வந்தது. நிற்கும், நிற்கும் என்று நின்றேன். பம்பர் முழங்காலைத் தொடப்போன நேரத்தில் டிக்கியில் ஓங்கி அறைந்தேன்.

கார் நின்றது. அவள் பக்கக் கதவுக் கண்ணாடி இறங்கியது.

"இன்னாங்க, நடுவுல நில்லுங்கன்னா ஓரத்துக்குப் போறீங்க?"

"என்னப் பாத்தியா?"

அவள் பொத்தானை அழுத்தினாள். தண்ணீர் பாய்ந்தது, வைப்பர் வழித்தது. திரும்பி அந்தக் கண்ணாடியை வெகுநேரம் பார்த்தாள்.

"கண்ணாடி சுத்தமாத்தான் இருக்குது," என்றாள். குரல் இறங்கியிருந்தது.

நான் அவள் பக்கக் கதவருகே போய் நின்றேன். தண்ணீர் வராமலே இருந்திருக்கலாம் என்று அந்த நிமிடம் நினைத்தேன். அவள்தான் முதலில் பேசினாள்.

"ஏலம் முடிஞ்சிடும். ஏறுங்க. இடப்பக்கம் எது வந்தாலும் சொல்லிட்டே வாங்க."

சொல்லிக்கொண்டே போனேன். சைக்கிள், நாய், பால் வண்டி, மறுபடி நாய். ஒரு இடத்தில் "தெரியுது, தெரியுது" என்று எரிந்து விழுந்தாள். அதற்கு அடுத்து வந்த ஸ்கூட்டரை நான் சொன்ன பிறகுதான் பிரேக் போட்டாள்.

அந்த வாரமே கண் டாக்டரிடம் போனோம். அவளை ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தை வைக்கச் சொல்லி, உள்ளே ஒளிப்புள்ளி தெரியும்போதெல்லாம் ஒரு பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். வெளியே வந்தவள் என்னைக் கேட்டாள்: "நான் அழுத்தறது வெளிய கேட்டுச்சா? அடிக்கடி கேட்டுச்சா?" கேட்டது என்றேன். கேட்கவில்லை. கதவு மூடியிருந்தது.

கண்ணுக்குள் அழுத்தம் அதிகம் என்றார் டாக்டர். அதற்குச் சொட்டு மருந்து. நேர்ப்பார்வை நன்றாக இருக்கிறது, ஓரப்பார்வை குறைந்திருப்பதுபோலத் தெரிகிறது. ஆனால் இந்தச் சோதனையை முதல் தடவை செய்பவர்கள் பலர் தடுமாறுவார்கள், இன்னொரு தடவை செய்தால்தான் நம்பலாம். அதுவரை ஓட்ட வேண்டாம்.

"ஓட்டலன்னா மீன் எப்படிப் போவும் டாக்டர்?" என்று கேட்டாள். அது அவரிடம் கேட்க வேண்டிய கேள்வி இல்லை என்று அவளுக்கே தெரிந்தது. பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

இப்போது ஆட்டோவில் போய் வருகிறாள். பக்கத்தில் இருக்கும் வீடுகளுக்கு மட்டும் கொடுக்கிறாள். மற்றவர்கள் போன் செய்தால், "வண்டி ரிப்பேருல இருக்குதுங்க, வந்துடும்" என்கிறாள். நேற்று பாயே போன் செய்தார். சத்தமாகப் பேசுவார், பக்கத்தில் இருந்த எனக்கும் கேட்டது.

"இன்னாக்கா, வண்டி ரிப்பேர், வண்டி ரிப்பேருன்னு ஊரு பூரா சொல்லி வச்சிருக்கீங்களாம். நான் போட்ட பைப்பு புடுங்கிக்கிச்சா? கொண்டாங்க, பாத்துடறேன்."

"பைப்பு நல்லாத்தான் இருக்குது."

"அப்புறம் இன்னாக்கா ரிப்பேரு?"

அவள் போனை என்னிடம் நீட்டினாள். நான் வாங்கிக்கொண்டு, அப்புறம் பேசுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

இரண்டாவது சோதனைக்குக் கண் டாக்டரிடமிருந்து இன்னும் அழைப்பு வரவில்லை. முதல் சோதனையில் அவள் தடுமாறினாளா, புள்ளிகள் உண்மையிலேயே தெரியவில்லையா என்று அவளாலும் சொல்ல முடியவில்லை. அவள் இனிமேல் கார் ஓட்ட முடியாது என்பது, இதை எழுதும் இன்றுவரை, சரிபார்க்கப்படாத தகவல்.