வெட்டுப்பட்ட எட்டணா

மல்லசமுத்திரத்தில் பஸ் நிற்கும் இடத்தில் சோடாவும் முறுக்கும் விற்ற பாப்பாயியிடம் கெட்ட காசைத் தள்ளிவிட்டுப் போக யாராலும் முடிந்ததில்லை. வாங்கிப் பெருவிரலால் ஒரு தடவு, ஒரு திருப்பு, அவ்வளவுதான், காசின் வண்டவாளம் வெளியே வந்துவிடும். அலுமினியப் பத்துப் பைசா அம்மைத் தழும்பாகக் குழி விழுந்திருந்தால் வெற்றிலைப் பையில் சுண்ணாம்போடு கிடந்தது. எழுத்து இழைந்து சப்பையாகியிருந்தால் தண்டவாளத்தில் ரயில் ஏறியது. ஓரத்தில் ஈயப் பொட்டு இருந்தால் யார் கழுத்திலோ தொங்கியது. "இது சாயப்பட்டறைக் காரத்துல ஊறுனதுங்க, வேற குடுங்க" என்று அவள் நீட்டினால், கொடுத்தவர் அசடு வழிய வாங்கிப் பையில் போட்டுக்கொள்வார்.

அவள் ஒன்றும் பிறவி வியாபாரி அல்ல, பிழைக்க வழியில்லாமல் கடைக்கு வந்த பண்ணையத்துக்காரி. புருஷன் கந்தப்பன் எழுபத்தாறில் காய்ச்சலில் போனான். கருமாதி முடிந்த கையோடு கொழுந்தன் சென்னிமலை பொதுக்கிணற்றில் அவளுடைய முறைத் தண்ணீரை நிறுத்தினான். வாய்க்காலை வெட்டித் தன் காட்டுக்குத் திருப்பிக்கொண்டான். கேட்டதற்கு, "பொம்பளைக்கு எதுக்குங்க பண்ணையம்?" என்று சிரித்தான். பூவும் பிஞ்சுமாக நின்ற பருத்தி அவள் கண்ணெதிரே கருகியது. அந்தச் சிரிப்பை அவள் சாகும்வரை மன்னிக்கவில்லை. ஏன் மன்னிக்க வேண்டும்?

ஊர்ப் பெரியவர்கள் வாயைத் திறக்காததால் அம்மனிடம் போனாள். அந்தப் பக்கத்தில் அநியாயம் செய்தவன் பேரைச் சொல்லி, கோயில் வாசல் கல்லில் ஒரு காசை வைத்து, உளியால் இரண்டாக வெட்டிப் போட்டுவிட்டு வருவார்கள். பிறகு அவனை அம்மன் பார்த்துக்கொள்வாள். சாபத்தை எடுக்க வெட்டினவரே வந்தாலொழிய, அந்தக் காசை யாரும் தொடக் கூடாது.

எல்லோரும் மெல்லிசான காசாகப் பார்த்துக் கொண்டுபோவார்கள். பாப்பாயிக்கோ ஆத்திரம். காசு பெரிதாக இருந்தால் சாபமும் பெரிதாக விழும் என்று கெட்டியான எட்டணாவை எடுத்துப்போனாள். கிணறு வெட்டக் கந்தப்பன் வைத்திருந்த உளி, வாயில் இரண்டு இடத்தில் பல் போனது. எத்தனை ஓங்கியும் காசு துண்டாகவில்லை, தழும்புதான் விழுந்தது. "பட்டதே போதுமாத்தா, போட்டுட்டுப் போ" என்றான் பூசாரி சடையன்.

அதற்குப் பிறகு சென்னிமலையின் ஜோடிக் காளைகள் ஒரே வாரத்தில் செத்தன. கிணற்றுப் படியில் வழுக்கிக் கால் ஒடிந்து கோணலாகக் கூடியது. மகனுக்குப் பார்த்த பெண்ணெல்லாம் தட்டிப்போயிற்று. ஒவ்வொரு சேதி வரும்போதும் பாப்பாயி அம்மனுக்கு நெய்விளக்கு போட்டாள். அன்றைக்குச் சோறு நன்றாக இறங்கும்.

கடைசியில் ஒருநாள் சென்னிமலையே கடைக்கு நொண்டிக்கொண்டு வந்தான். ஒரு சோடா வாங்கி, காசைக் கொடுத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

"நங்கை, எம்பேர்ல காசு வெட்டுனீங்களாமா. அதை எடுத்து உட்ருங்க. ஊட்டுல ஒரு நல்லது நடக்க மாட்டேங்குது."

அண்ணன் பெண்டாட்டியை நங்கை என்று அவன் கூப்பிட்டே பல வருடம் ஆகியிருந்தது. ஆனால் பாப்பாயியின் விரல் காசில் நின்றுவிட்டது. எட்டணா. குறுக்கே உளித் தழும்பு, இரண்டு பக்கமும் உலோகம் பிதுங்கியிருந்தது. தழும்பு ஒரே கோடாக இல்லை, இடையில் இரண்டு இடத்தில் விட்டுவிட்டு இருந்தது. திருப்பினாள். அதே இடத்துக்கு நேர் பின்னால் கல்லின் பொரிப் பொரியான குத்துகள். உலகத்தில் அந்த உளி ஒன்றுதான்.

"இது ஏதுங்க?"

"பஸ்ல கண்டக்டர் குடுத்த சில்லறைங்க. ஏன், செல்லாதுங்களா?"

துண்டாகாத காசையெல்லாம் சடையன் பொறுக்கிப் பீடிக்குக் கொடுத்திருக்கிறான்! அவளுடைய சாபம் அம்மன் காலடியில் ஒருநாள்கூடக் கிடக்கவில்லை, சந்தை சந்தையாகச் சுற்றியிருக்கிறது. காளை நோயில் செத்தது. கால் பாசியில் வழுக்கியது. யாரும் எதையும் செய்யவில்லை. போட்ட நெய்யெல்லாம் வீண். அம்மன்மேல்கூடக் கோபம் வந்தது. எதிரே நின்றவனைப் பார்த்தாள். அவன் வேறு காசுக்கு மடியைத் துழாவிக்கொண்டிருந்தான். அவனுக்கு ஒன்றும் தெரியாது.

"செல்லுமுங்க" என்று காசைக் கல்லாவில் போட்டாள். "முறைத் தண்ணிய மொதல்ல பத்திரத்துல எழுதிக் குடுங்க. அப்புறம் பேசலாம்."

அடுத்த வாரமே எழுதிக்கொடுத்தான். அவள் காட்டுக்கு வாய்க்காலையும் அவனே ஆள் வைத்து வெட்டிவிட்டான். "இப்ப எடுத்து உட்ருவீங்களா?" என்றான்.

"வெள்ளாமை வூடு வந்து சேரட்டுங்க, பாக்கலாம்."

வெள்ளாமை வந்தது. அடுத்த வெள்ளாமையும் வந்தது. கேட்கும்போதெல்லாம் அதே பதில், அதே மரியாதை. சென்னிமலை ஒவ்வொரு தும்மலுக்கும் பயந்து, ஆள் பாதியாகிப் போனான்.

எண்பத்தாறில் அவன் படுத்த படுக்கையானபோது, மகனுக்கு ஒருவழியாக வாய்த்த பெண்டாட்டி வசந்தாமணி ஓடிவந்தாள். "எடுத்தாச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க பெரியத்தை. அது கேக்காம உசுரு போக மாட்டேங்குது."

பாப்பாயி சேலையை இழுத்துச் செருகி, மண்வெட்டியைத் தோளில் வைத்தாள்.

"இன்னைக்கு என்ற முறை, சாமி. தண்ணி கட்டீட்டு வாரேன்."

கடைசிப் பாத்தி நிரம்பி மடையை அடைக்கும்வரை அவள் காட்டைவிட்டு வரவில்லை.